உப்புத்தண்ணி அண்ணியும் அறுநூறு பொத்தான்களும்

என் அண்ணியை அவர் வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உப்புத்தண்ணி என்பார்கள். வயதில் சின்னவர்கள் உப்புத்தண்ணி அக்கா என்பார்கள். அவருடைய மேசையில் எப்போதும் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்கள் நான்கு நிற்கும். நான்கிலும் உப்புக் கரைத்த தண்ணீர். ஒரு பாட்டிலுக்கு என் அண்ணனின் பழைய சட்டையைக்கூட மாட்டி வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் தாகத்தில் ஒன்றைத் திறந்து மடமடவென்று குடித்துவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: "இது மனுஷன். குடிக்காதீர்கள்."

அது விளையாட்டுக்கு எழுதியது அல்ல. ரேடியோ அலைக்கு மனித உடம்பு என்பது ஏறக்குறைய உப்புத் தண்ணீர் நிரம்பிய பை. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் என்ன ஆகுமோ, அதுதான் அந்தப் பாட்டில் நின்றாலும் ஆகும். பாட்டில் அசையாது, பேசாது, டீ குடிக்க எழுந்து போகாது. அதனால் அண்ணிக்கு ஆட்களைவிட அது வசதி.

அண்ணியின் வேலை என்ன என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அப்பா "கம்ப்யூட்டர் மாதிரி ஏதோ" என்பார். அம்மா "பொத்தான் கம்பெனி" என்பார். கேட்டவர்கள் சட்டைப் பொத்தான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து என்ன என்று முடிவாகாமல் வீட்டுக்குள்ளேயே நான் நடந்துகொண்டிருந்த மாதங்களில்தான் அவரைத் துருவித் துருவிக் கேட்டேன். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் எந்தக் கருவியிலும் ஓர் ஆன்டெனா உண்டு. பெரிய கருவிகளில் கொம்பு போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கருவிகளில் சர்க்யூட் போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செம்புக் கோடு மட்டும்தான். அதை அளந்து பார்க்கும் மீட்டரில் மாட்டினால் திரையில் ஒரு கோடு ஓடும். கோட்டில் ஓரிடத்தில் பள்ளம் விழும். பள்ளம் எந்த அலைவரிசை எண்ணுக்கு நேரே விழுகிறதோ அந்த எண்ணில்தான் ஆன்டெனா நன்றாகப் பேசும். வெறும் போர்டாக இருக்கும்போது பள்ளத்தைச் சரியான எண்ணில் விழவைப்பது பெரிய காரியமில்லை. அதே போர்டைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்தால் பள்ளம் நகர்ந்துவிடும். பேட்டரி பக்கத்தில் வந்தால் இன்னும் நகரும். ஒரு மனிதர் அதைப் போட்டுக்கொண்டால் எங்கேயோ போய்விடும். வரைபடத்தில் கணீரென்று பேசிய ஆன்டெனா, முடிந்த பொருளில் முணுமுணுக்கும். தள்ளிப்போன பள்ளத்தைத் திரும்ப இழுத்து வர, ஆன்டெனாவின் காலடியில் கடுகு அளவில் காயில் என்ற ஒரு கம்பிச் சுருளும் ஒன்றிரண்டு கெபாசிட்டர்களும் இருக்கும். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு, சரியான ஜோடியைக் கண்டுபிடிப்பதுதான் அண்ணியின் வேலை. அதற்கு மேட்சிங் என்று பெயர்.

"நாளெல்லாம் அங்க ஜோடி சேர்த்து வைக்கிறா. வீட்டுக்கு வந்தா என் சாக்ஸுக்கு மட்டும் ஜோடி கிடைக்க மாட்டேங்குது" என்பான் என் அண்ணன்.

அண்ணி இன்ஜினியர் இல்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்தி, பத்தொன்பது வயதில், போர்டில் பாகங்களைப் பற்றவைக்கும் சால்டரிங் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தவர். ஏழு வருடம் கழித்து நிறுவனத்தில் அந்த மீட்டரை வாங்கினார்கள். அதற்கென்று வந்த இன்ஜினியர் நான்கே மாதத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். விலையுயர்ந்த சாமான் என்று வேறு யாரும் அதைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் இல்லாத இடமாக இருக்கிறதே என்று அண்ணி அதன் அருகில் போய் உட்கார்ந்தார். இன்ஜினியர் கடைசியாக மாட்டிய போர்டோடு அது ஓடிக்கொண்டே இருந்தது. மேசையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். திரையில் பள்ளம் நகர்ந்தது. டப்பாவை எடுத்தார். பள்ளம் திரும்பி வந்தது.

"அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல. டப்பாவை இந்தப் பக்கம் வைப்பேன், அந்தப் பக்கம் வைப்பேன். மூடியைத் திறந்து வைப்பேன். மணி அடிச்சப்பதான் பசிச்சுது" என்று சொல்லியிருக்கிறார்.

அந்தப் பசியிலிருந்து இன்றுவரை எட்டு வருடம். இப்போது அந்த மீட்டரை அவரைக் கேட்காமல் யாரும் தொடுவதில்லை.

சில மாதங்களுக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு அறுநூறு அழைப்புப் பொத்தான்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொத்தான், கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. குளியலறையில் விழுந்துவிட்டால், மூச்சு முட்டினால் அமுக்க வேண்டும். தாழ்வாரக் கோடியில் இருக்கும் ரிசீவர் அலறும். போர்டை வரைந்தவர் புதிதாகப் படித்து முடித்து வந்த இளைஞர். எல்லோரும் அவரை டிசைன் தம்பி என்பார்கள். கெட்டிக்காரர், கொஞ்சம் ரோஷக்காரர்.

பெட்டியில் போட்ட முதல் பொத்தான்கள் வந்தபோது முப்பது அடி தாண்டினாலே ரிசீவர் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கூடிய கூட்டத்தில் தம்பி தன் திரையைக் காட்டி, "என் டிசைன்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். அண்ணி எழுந்து பார்த்தார். தம்பி வெறும் போர்டைத் தெர்மோகோல் கட்டையின் மேல் வைத்துப் பள்ளத்தைச் சரிசெய்திருந்தார். பெட்டி இல்லை, பேட்டரி இல்லை, ஆள் இல்லை.

"தம்பி, கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்த அளவுல சட்டை தைச்சிருக்கீங்க. இப்ப எங்க வீட்டுக்காரருக்குப் போட்டா பொத்தான் தெறிச்சுரும்" என்றார் அண்ணி.

கூட்டமே சிரித்தது. தம்பியின் காது சிவந்துவிட்டது என்று பேக்கிங் அக்கா பிறகு என்னிடம் சொன்னார். பேக்கிங் அக்கா அண்ணியின் சிநேகிதி. வாரம் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வருவார். இந்தக் கதையில் பாதி அவர் சொன்னதுதான்.

வேலை அண்ணியின் கைக்கு வந்தது. பெட்டியைப் போட்டார், பேட்டரியைப் போட்டார், மீட்டரிலிருந்து வரும் கேபிளைப் போர்டில் பற்றவைத்தார், சட்டை போட்ட பாட்டிலின் நெஞ்சில் பொத்தானைத் தொங்கவிட்டார். நான்கு நாள் காயில்களை மாற்றிக்கொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் பள்ளம் சரியான எண்ணில் ஆணி அடித்தாற்போல நின்றது. பிறகு சோதனைத் தாளில் எழுதியிருந்தபடி, வாட்ச்மேன் ஒரு பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்தார். நூறு அடியிலும் ரிசீவர் அலறியது.

முதலாளி அண்ணியைக் கூப்பிட்டார். சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளர் என்ற நாற்காலி ஒரு வருடமாகக் காலி. அதில் பட்டம் வாங்கியவரைத்தான் உட்கார வைப்பது என்பது அங்கே வழக்கம். "இந்த அறுநூறும் நல்லபடியாப் போகட்டும்மா. அந்த நாற்காலி உங்களுக்குத்தான்" என்றார் முதலாளி. அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அண்ணன் எழுந்து நின்று சல்யூட் வைத்தான். அப்பா இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, மொட்டை மாடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். பதினைந்து வருட வேலையில் முதல்முறையாக அண்ணியின் பெயருக்குப் பின்னால் ஒரு பதவி வரப்போகிறது.

அண்ணி சொன்ன காயிலை வைத்துப் போர்டுகள் தயாராகத் தொடங்கின. முந்நூற்று எண்பது முடிந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"ஏம்மா, ஊருக்கெல்லாம் செய்யறே. வீட்டுல இருக்கற நாங்க கண்ணுல பார்க்க வேண்டாமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்ததால், அண்ணி முதலாளியிடம் சொல்லி ஒரு பொத்தானையும் ஒரு ரிசீவரையும் கொண்டுவந்திருந்தார். சாயங்காலம் ரிசீவரை ஜன்னல் விளிம்பில் வைத்தார். பொத்தானை அம்மாவின் கழுத்தில் மாட்டினார்.

"அத்தை, தெருமுனை மருந்துக்கடை வரைக்கும் போய் அமுத்துங்க. இங்க கத்தும்."

"கத்தினா எனக்கு அங்க எப்படித் தெரியும்?"

"நான் கையை ஆட்டறேன்."

அம்மா புறப்பட்டார். தெருவில் எல்லோரும் என்னவென்று கேட்க, "என் மருமக செஞ்சது" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று காட்டியபடி போனதில், மருந்துக்கடையை அடையவே பத்து நிமிடம் ஆனது. அங்கே நின்று திரும்பி, நெஞ்சிலிருந்த பொத்தானை அமுக்கினார். ஜன்னலில் சத்தமில்லை. மறுபடி அமுக்கினார். மருந்துக்கடைக்காரரும் வெளியே வந்து பார்த்தார். மூன்றாவது முறை இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினார். ரிசீவர் அப்படியே இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் அமுக்கிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டுக்கு இரண்டு கடை தள்ளி, தையற்கடை வாசலில் வந்தபோதுதான் அது அலறியது.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "எனக்குச் சரியா அமுத்தத் தெரியலம்மா. விரல்ல பலம் இல்ல. நீ எவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சே, நான் தெருவுல வெச்சு மானத்தை வாங்கிட்டேன்."

அண்ணி எழுந்தார். தெருவில் இறங்கித் தையற்கடை வரைக்கும் அடி அளந்து வந்தார். இருபத்தாறு. பிறகு எங்கள் எல்லோருடைய கழுத்திலும் மாற்றி மாற்றி மாட்டி நடக்க வைத்தார். அண்ணனுக்கு இருபத்தெட்டு. எனக்கு முப்பத்தொன்று. அப்பாவுக்குப் பத்தொன்பதுதான்.

"மாமா வயிறு அலையைக் கொஞ்சம் அதிகமாக் குடிக்குது" என்றார் அண்ணி.

"ரேடியோ கெட்டதுக்கும் என் வயித்து மேலதான் பழியா?" என்றார் அப்பா.

கடைசியாக, பொத்தானைக் கழற்றி அண்ணன் கையில் கொடுத்து, "கையில பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றார். அண்ணன் மருந்துக்கடையையும் தாண்டிப் போய் அமுக்கினான். ஜன்னலில் ரிசீவர் காது கிழிய அலறியது.

அண்ணி உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "அத்தை, நீங்க சரியாத்தான் அமுத்தினீங்க. நான்தான் தப்புப் பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் தெரியல."

மறுநாள் யாரும் வருவதற்கு முன்பே அண்ணி மேசைக்குப் போய்விட்டார். கேபிளை மாட்டினார். பள்ளம் சரியான எண்ணில் நின்றது. பாட்டில் அருகே கொண்டுபோனார். சரியாகவே நின்றது. பெட்டியைக் குறை சொல்ல முடியாது, பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. கையில் பிடித்தால் பேசுகிறது, கழுத்தில் தொங்கினால் பேசவில்லை. அப்படியானால் கை அதற்கு ஏதோ துணை செய்கிறது. இந்த மேசையில்தான் அதை யாரும் பிடித்திருக்கவில்லையே, இங்கே எப்படி நன்றாக இருக்கிறது என்று யோசித்தார். பிறகு, இங்கேயும் அதை ஒன்று பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பது உறைத்தது.

கேபிள்.

இரண்டு விரலால் கேபிளைத் தொட்டு மெதுவாகத் தடவினார். திரையில் பள்ளம் தூண்டிலில் மாட்டிய மீன்போல நெளிந்தது. விரலை எடுத்தார், நின்றது. தொட்டார், ஓடியது. கேபிள் அளந்து சொல்லும் வேலையை மட்டும் செய்யவில்லை. அத்தனை சின்னப் போர்டில், அதுவே ஆன்டெனாவின் பாதியாக ஒட்டிக்கொண்டு தானும் பேசிக்கொண்டிருந்தது. நான்கு நாள் காயில் மாற்றி அண்ணி பொருத்தியது பொத்தானுக்கு அல்ல. பொத்தானும் ஒரு முழக் கேபிளும் சேர்ந்த வேறொரு பொருளுக்கு. கேபிளைக் கழற்றிப் பெட்டியை மூடியதும் அந்தப் பொருள் உலகத்திலேயே இல்லை. கையில் பிடித்து நடந்தபோது கை கேபிளின் வேலையைச் செய்தது. அதனால் தப்பு சோதனையிலும் மாட்டவில்லை. பாட்டிலை வைத்து மீட்டரைப் பார்த்தார், கையில் கொடுத்துத் தூரத்தைப் பார்த்தார். கழுத்தில் மாட்டித் தூரத்தைப் பார்க்கவே இல்லை.

பேக்கிங் அக்கா வந்தபோது அண்ணி மேசையில் கையூன்றி உட்கார்ந்திருந்தாராம்.

"என்னடி உப்பு, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

அண்ணி சொன்னார். பேக்கிங் அக்கா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"தாள்ல என்ன போட்டிருக்கு? கையில பிடிச்சு நூறு அடி. பாஸ் ஆயிடுச்சா? ஆயிடுச்சு. வெள்ளிக்கிழமை லாரி போகட்டும். நீ முதல்ல நாற்காலியில உக்காரு. அப்புறம் அடுத்த செட்டுல மாத்திக்கோ. இப்பப் போய்ச் சொன்னா அந்தப் பையன் சும்மா இருப்பானா? கூட்டத்துல வெச்சு அவனை அந்தக் கிண்டல் பண்ணினே."

"அக்கா, எங்க அத்தை தெருமுனையில நின்னு மூணு தடவை அமுத்தினாங்க. கத்தலை. பொத்தானைத் திட்டவே இல்ல அவங்க. தன் விரலைத் திட்டிக்கிட்டு வந்தாங்க."

"அதுக்கு?"

"குளியலறையில விழுந்து கிடக்கிறவங்களும் அப்படித்தான் தன் விரலைத் திட்டிக்கிட்டுக் கிடப்பாங்க. ஒருத்தர்கூட வந்து இது பேசலைன்னு நம்மகிட்ட சொல்ல மாட்டாங்க. நமக்குத் தெரியவே போறதில்ல."

பேக்கிங் அக்கா, "போ. போய்ச் சொல்லித் தொலை. நான் வேணா கூட வர்றேன்" என்றார்.

முதலாளியின் அறையில் டிசைன் தம்பியும் இருந்தார். அவர் வெளியே போகட்டும் என்று அண்ணி காத்திருக்கவில்லை. நின்றபடியே சொன்னார்: முந்நூற்று எண்பது போர்டில் இருக்கும் காயில் தப்பு, தப்பு செய்தது தான்தான், கழுத்தில் மாட்டினால் இருபது முப்பது அடிக்கு மேல் போகாது.

முதலாளி பேனாவை மூடி வைத்தார். "சோதனையில பாஸ் ஆச்சே?"

"சோதனையும் தப்பு சார். கையில பிடிச்சுப் பார்த்தோம். யாரும் இதைக் கையில பிடிச்சுக்கிட்டு விழப் போறதில்ல."

"வாடிக்கையாளர்கிட்ட யாராவது சொல்லியிருக்காங்களா?"

"இல்ல சார்."

"அப்ப இது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?"

"இப்ப உங்களுக்கும் தெரியும் சார்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். கோபம்தான், ஆனால் கத்தவில்லை. "வெள்ளிக்கிழமை அனுப்பறேன்னு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். நாற்காலியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொன்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதை நீங்க எப்படி முடிவு பண்ணினாலும் சரி. இதை மட்டும் அனுப்பாதீங்க."

டிசைன் தம்பி தொண்டையைச் செருமினார். அண்ணி அவர் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க தம்பி. நீங்க சொல்லாம விடக் கூடாது."

"ஒண்ணுமில்லக்கா. நான் கல்யாணத்துக்கு முன்னாடி அளவெடுத்தேன். நீங்க அளவு டேப்பையும் சேர்த்து உடம்புல வெச்சுத் தைச்சுட்டீங்க."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கும் வந்தது, அடக்கிக்கொண்டு, "எத்தனை நாள் வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் சார்."

தம்பி குறுக்கிட்டார். "நானும் கூட இருந்தா அஞ்சு நாள்."

அந்த ஐந்து நாளைப் பற்றி அண்ணி சொல்லும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டும். முதலில் கேபிளை அடக்கினார்கள். போர்டை ஒட்டி அதன் மேல் மூன்று கறுப்பு ஃபெரைட் வளையங்களைக் கோத்தார்கள். அவை கேபிளின் வாயைப் பொத்திவிடும். உடனே பள்ளம் வலப்பக்கம் தாவி, தன் உண்மையான இடத்தைக் காட்டியது. எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, மூன்று காயில்களைத் தேர்ந்தெடுத்து மூன்று பொத்தான்கள் செய்தார்கள். அதன் பிறகு மீட்டரை நம்பவில்லை. கேபிளே இல்லாமல், மூடிய பெட்டியாக, மனிதர் கழுத்தில் மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள்.

சுழலும் நாற்காலி ஒன்று முற்றத்துக்கு வந்தது. ஒல்லியாக இருக்கும் பேக்கிங் அக்கா, தொப்பை உள்ள வாட்ச்மேன், ஆறடி உயர லாரி டிரைவர் மூவரும் முறை வைத்து உட்கார்ந்தார்கள். அண்ணி நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். அறுபது அடி தள்ளி ரிசீவரோடு நின்ற தம்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்று எழுதினார்.

"இன்னும் எத்தனை சுத்தும்மா? பூமி சுத்தறது எனக்கு இப்பதான் தெரியுது" என்றார் வாட்ச்மேன்.

"அசையாதீங்கண்ணே. நீங்க பாட்டில் மாதிரி இருக்கணும்."

"பாட்டிலுக்கு மயக்கம் வராது, எனக்கு வருதே."

டிரைவர் கழுத்தில் பொத்தானை மாட்டிக்கொண்டு சட்டைப் பையில் சாவிக்கொத்தையும் போட்டிருந்தார். அவர் எண்கள் மட்டும் தாறுமாறாக வந்தன. அண்ணி அவரை மறுபடி உட்கார வைக்கவில்லை. "அவருக்கு வந்ததையும் எழுதிக்கோங்க தம்பி. சாவி வெச்சிருக்கறவங்களும் விழுவாங்க" என்றார்.

நடுக் காயில்தான் ஜெயித்தது. தம்பி ரிசீவரோடு முன்னும் பின்னும் நகர்ந்து தூரத்தை அளந்தபோது, ரிசீவரைப் பார்த்து உட்கார்ந்த மூவருக்கும் எழுபது அடிக்கு மேல் கேட்டது. மிக மோசமான நிலை, வாட்ச்மேன் முதுகைத் திருப்பி உட்கார்ந்திருந்தபோது, அப்போதும் ஐம்பத்தெட்டு. அந்த இல்லங்களில் மிக நீளமான தாழ்வாரம் நாற்பது அடிதான் என்று தம்பி வரைபடத்தை விரித்துக் காட்டினார்.

பிறகு முந்நூற்று எண்பது பெட்டிகளையும் திறக்க வேண்டியிருந்தது. பெட்டிக்கு இரண்டு திருகு. பேக்கிங் அக்காவின் குழு திறந்து கொடுத்தது. சால்டரிங் வரிசையில் ஆறு பேர் காயிலை மாற்றினார்கள், மீதி இருநூற்று இருபதையும் புதிய காயிலோடு முடித்தார்கள். அந்த வரிசையின் மூன்றாவது நாற்காலியில் அண்ணி உட்கார்ந்தார். யாரும் சொல்லி அல்ல. "என் தப்பை இந்தப் பொண்ணுங்க மட்டும் ஏன் பிடுங்கணும்?" என்றாராம். எட்டு வருடமாக அந்த வேலையைச் செய்யாதவர், இரண்டாம் நாள் மதியத்துக்குள் வரிசையிலேயே வேகமான கையாகிவிட்டார். "அவ எங்களை வெட்கப்பட வெச்சுட்டா" என்று பேக்கிங் அக்கா சொன்னபோது அந்தக் குரலில் இருந்தது வெட்கம் இல்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் நாற்காலிப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அப்பா மட்டும் ஒருமுறை, "பக்கத்து வீட்டுக்காரர் கேட்டா என்னன்னு சொல்ல?" என்றார். அண்ணன், "சரியாச் செஞ்சாங்கன்னு சொல்லுங்க" என்றான். அவன் இவ்வளவு நேராகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பொத்தான்களை வாங்கும் இல்லங்களின் தலைமைச் செவிலியர், தாமதம் ஏன் என்று பார்க்க அடுத்த புதன்கிழமை நேரில் வந்தார். முதலாளி அவரிடம் எதையும் மறைக்கவில்லை. தப்பு நடந்தது, எங்கள் ஆளே கண்டுபிடித்தார், எல்லாவற்றையும் திறந்து மாற்றியிருக்கிறோம் என்றார். செவிலியர் குவியலிலிருந்து தானே ஐந்து பொத்தான்களைப் பொறுக்கி எடுத்தார். ஒவ்வொன்றாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முற்றத்தின் கோடிக்குப் போய், முதுகைத் திருப்பித் தரையில் படுத்தார். வெள்ளை உடுப்போடு அந்த மண்ணில் படுப்பார் என்று யாரும் நினைக்கவில்லை. படுத்தபடி அமுக்கினார். ஐந்து முறையும் ரிசீவர் அலறியது.

எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள்.

"தப்புப் பண்ணினதும் நான்தாங்க" என்றார் அண்ணி.

"அதையும் சொன்னாங்க. இது எவ்வளவு தூரம் போகும்?"

"ஐம்பத்தஞ்சு அடின்னு வெச்சுக்கோங்க. அதுக்கு மேல நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

"போதும். என்கிட்ட எல்லாரும் முந்நூறு அடின்னுதான் சொல்லுவாங்க" என்றார் செவிலியர். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் லாரி போயிற்று.

வெள்ளிக்கிழமை முதலாளி புதிய சோதனைத் தாள் ஒன்றை அண்ணியிடம் கொடுத்தார். கையில் பிடித்து நூறு அடி என்ற வரி அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே, அண்ணி சொல்லித் தம்பி எழுதிய வரி: "மூடிய பெட்டி, கேபிள் இல்லாமல், கழுத்தில் மாட்டி, முதுகைத் திருப்பி, ஐம்பத்தைந்து அடி." அடியில் கையெழுத்துக்கு இரண்டு இடம். சோதித்தவர் என்ற இடத்தில் அண்ணி கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். முதலாளி வாங்கவில்லை.

"இன்னொண்ணு யாரு போடுவா?"

அங்கே "பொறுப்பாளர்" என்று அச்சடித்திருந்தது. அண்ணி அதையும் முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், சோதிச்சவரும் பொறுப்பாளரும் ஒரே ஆளா இருந்தா எப்படி சார்? ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் பிடிக்கணும்ல."

முதலாளிக்கு அது தோன்றவில்லை. தலையைச் சொறிந்தார். அண்ணி முதல் கையெழுத்தை அடித்துவிட்டு, வாசலில் நின்ற தம்பியைக் கூப்பிட்டு அங்கே போடச் சொன்னார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பொறுப்பாளர் என்ற இடத்தில் தன் முழுப் பெயரையும் எழுதினார். எப்போதும் இரண்டு எழுத்தில் முடித்துவிடுகிறவர் அன்று ஓர் எழுத்தையும் விடவில்லை என்றார் பேக்கிங் அக்கா.